முட்டை யாருடையது?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குத்தான் பொருந்தும். பானை முழுவதும் ஒரே கொதியில் வேகிறது. அதனால் ஒரு பருக்கை மற்றப் பருக்கைகளுக்காகப் பேச முடிகிறது. வீட்டு வாசல் மண் அப்படி வேகவில்லை. குழந்தை ஒதுங்கிய மூலையில் புழு முட்டைகள் குவிந்து கிடக்கும். இரண்டு முழம் தள்ளிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. மண்ணிலிருந்து டிஎன்ஏ பிரிக்க ஆய்வகங்கள் வழக்கமாக வாங்கும் கிட்டுகளோ கால் கிராம் மண்ணையே ஏற்கும். மூக்குப்பொடி போடுகிறவர் விரலிடுக்கில் எடுக்கும் அளவு அது. அந்தச் சிட்டிகையில் முட்டை இல்லையென்றால் முற்றத்திலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. குடற்புழு ஆய்வுத் துறையில் இருப்பவர்களுக்கு இது புதுச் செய்தியும் அல்ல. தெரிந்தும் சிட்டிகையோடு காலம் தள்ளிவந்தார்கள்.

2024இல் 'பிளாஸ் நெக்லெக்டெட் டிராபிகல் டிசீசஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மாலதி மானுவேல் அதன் முதல் ஆசிரியர். அதே கல்லூரியின் சித்தாரா அஜ்ஜம்பூரும் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஏமி பிக்கரிங்கும் மூத்த ஆசிரியர்கள். மலத்தைக் கேட்காமல், மண்ணை மட்டும் வைத்து, ஓர் ஊரின் குடற்புழுத் தொற்றைக் கண்காணிக்க முடியுமா என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. களங்கள் இந்தியா, கென்யா, பெனின் ஆகிய மூன்று நாடுகளில். 322 வீடுகள், 669 மல மாதிரிகள், 478 மண் மாதிரிகள். டிஎன்ஏ பிரிக்க எடுத்துக்கொண்ட மண் 20 கிராம். சிட்டிகையைப்போல் எண்பது மடங்கு.

இதை எடைபோட எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. நான் இருப்பது புழலில். ஏரியின் உபரிநீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர்க் கடலுக்குப் போகிறது. அந்தக் கால்வாயோரத்தில் பன்றிக் கொட்டில்கள் உண்டு. 2011இல் புழல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆனால் கொட்டில், அதை ஒட்டிய குடிசை, இரண்டுக்கும் பொதுவான மண்தரை என்ற அமைப்பு கிராமத்து அமைப்புதான். 'பன்றியால் மண் கெடுகிறது' என்ற பேச்சு இங்கே நாள்தோறும் காதில் விழும். எந்த மண், எந்தப் புழுவால், யாரிடமிருந்து கெடுகிறது என்று கேட்டால் பதில் வராது. வேலூர்க் குழுவின் கருவி அந்தப் பதிலைத் தருமா? கட்டுரையை அதன் சொந்த இலக்கை வைத்து அளப்பது நேர்மை. நம் தேவையை வைத்தும் அளப்பது நம் பொறுப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் செய்யப் பார்க்கிறேன்.

முதலில் முறையியல். மண்ணின் அளவைக் கூட்டுவது சொல்லும்போது எளிது. ஆனால் மண் கூடினால் முட்டை மட்டுமா கூடும்? டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் வினையைத் தடுக்கும் ஹ்யூமிக் அமிலம் முதலான பொருள்களும் சேர்ந்தே கூடும். முட்டை இருந்தும் இல்லையென்று கருவி சொல்லிவிடும் ஆபத்து அப்போது பெரிதாகிறது. இந்தக் குழு ஆய்வகத்தில் முறையைச் சீராக்கிக்கொண்டு களத்துக்குப் போனது முதல் நற்செயல். மண்ணின் தன்மைகளைப் பதிந்து, அவற்றுக்கு ஈடுசெய்து கணக்கிட்டது அடுத்தது. மாதிரிகளைக் கியூபிசிஆர், துளிப் பிசிஆர் என இரண்டு கருவிகளிலும் ஓட்டி ஒப்பிட்டதை எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். துளிப் பிசிஆர் தடுப்புப் பொருள்களைக் கூடுதலாகத் தாங்கக்கூடியது. இரண்டும் ஏறத்தாழ ஒரே முடிவைத் தந்தன என்றால், தடுப்பால் மறைந்துபோன முட்டைகள் பெரும் எண்ணிக்கையில் இல்லை என்று நம்ப இடமிருக்கிறது. கட்டுரை இந்த வாதத்தை இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம். விலை மலிவான கியூபிசிஆரே போதும் என்ற நடைமுறைப் பயனும் அதிலிருந்தே கிடைக்கிறது.

நுண்ணோக்கியோடு செய்த ஒப்பீடு, கட்டுரையின் மிகச் சுவையான பகுதி. சிக்கலான பகுதியும் அதுவே. கியூபிசிஆரும் நுண்ணோக்கியும் ஒத்துப்போகவில்லை. உருண்டைப்புழுவையும் சாட்டைப்புழுவையும் நுண்ணோக்கி குறைத்துக் காட்டியது. கொக்கிப்புழுவைக் கூட்டிக் காட்டியது. இதற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே. மண்ணில் தன் பாட்டுக்கு வாழும், யாரையும் தொற்றாத நூற்புழுக்கள் எண்ணற்றவை. அவற்றின் முட்டையும் இளம்புழுவும் கொக்கிப்புழுவினுடையவைபோலவே கண்ணுக்குத் தெரியும். 1920களில் மதராஸ் மாகாணத்தில் ராக்பெல்லர் அறக்கட்டளை கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கிய காலம் தொட்டு மண்ணைப் பார்த்த ஒவ்வொருவரையும் துரத்திய தொல்லை இது. நூறாண்டுப் பழைய இந்தக் குழப்பத்துக்கு எண்ணிக்கையோடு சாட்சி சொன்னது கட்டுரையின் பெருமை.

குறையும் இங்கேதான். இரண்டு சாட்சிகள் முரண்படும்போது, ஒரு சாட்சியை வைத்தே மற்றதைப் பொய் என்பது முழு நீதி ஆகாது. நுண்ணோக்கி 'குறைத்தது', 'கூட்டியது' என்ற சொற்களுக்குள் கியூபிசிஆரே உண்மை என்ற முடிவு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. உருண்டைப்புழு விஷயத்தில் அந்த முடிவை ஏற்பேன். அதன் முட்டை தடித்த ஓடு கொண்டது, மண்ணில் ஆண்டுக்கணக்கில் தாங்குவது. டிஎன்ஏ உள்ளே பத்திரமாக இருக்கும். கொக்கிப்புழு முட்டை வேறு ரகம். வெப்பமும் ஈரமும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரிந்துவிடும். இளம்புழு சில வாரங்களே உயிர்வாழும். எடுத்த நாள், எடுத்த வேளை, வெயில், மழை எல்லாமே விடையை மாற்றிவிடக்கூடும். அங்கே கியூபிசிஆர் 'இல்லை' என்று சொன்னதெல்லாம் இல்லாமைதானா என்று இன்னும் கடுமையாகக் கேட்டிருக்க வேண்டும்.

எண்களுக்கு வருவோம். மண் மாதிரிகளில் உருண்டைப்புழு 31 விழுக்காடு, சாட்டைப்புழு 3, கொக்கிப்புழு வகைகள் சேர்ந்து 13. கட்டுரைச் சுருக்கத்தில் முன்னால் நிற்பவை இவை. மூன்று நாடுகளையும் கலந்த எண்கள் என்பதால் எனக்கு இவற்றின் மேல் நம்பிக்கை குறைவு. தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் கொக்கிப்புழுதான் ஆட்சி செய்கிறது. இதே வேலூர்க் குழு திமிரியிலும் சவ்வாது மலையிலும் 2017 முதல் நடத்திய டிவார்ம்3 என்ற குடற்புழு ஆய்வைப் பின்தொடர்ந்தவர்களுக்கு அது தெரியும். அப்படியிருக்க, உருண்டைப்புழு முதலிடம் பிடிக்கும் ஒரு கூட்டு எண்ணை நம் ஊர் வாசகர் தம் மண்ணின் நிலவரம் என்று எடுத்துக்கொண்டால் வழி தவறுவார். முறை வேலை செய்கிறது என்று காட்டுவதற்குக் கூட்டு எண் போதும். எங்கே என்ன இருக்கிறது என்று சொல்லப் போதாது. கட்டுரை தன்னை முன்னோட்டம் என்றே அறிவித்துக்கொள்கிறது. ஆகவே பழி, எண்ணைப் பெயர்த்தெடுத்துப் பயன்படுத்துகிறவர்களுக்குத்தான் மிகுதி. ஆனால் பெயர்த்தெடுக்கத் தோதாக எண்ணை வாசலில் வைத்ததில் ஆசிரியர்களுக்கும் சிறு பங்குண்டு.

அடுத்தது, கட்டுரையின் முதன்மையான கண்டுபிடிப்பு. ஒரு வீட்டு மண்ணில் உருண்டைப்புழுவோ கொக்கிப்புழுவோ தென்பட்டால், அந்த வீட்டில் ஒருவருக்காவது அதே புழு இருக்கும் வாய்ப்பு வலுவாகக் கூடுகிறது. கண்காணிப்பு நோக்கில் இது மெய்யான சாதனை. வீடு வீடாகப் போய் டப்பா கொடுத்து, மறுநாள் காலை மலத்தோடு திரும்ப வாங்குவதைப் போன்ற தலைவலி களப்பணியில் வேறில்லை. வெட்கம், அருவருப்பு, மறதி, சந்தேகம் எல்லாம் ஒரே டப்பாவில் அடங்கும். மண்ணுக்கு அந்தத் தடை கிடையாது. கால்வாயோரக் கொட்டில் ஒன்றின் வாசலில் நின்று, ஆய்வுக்கு மண் கேட்டால் தருவீர்களா என்று பேச்சுக்குக் கேட்டேன். கல்யாண மண்டபத்து எச்சில் சோற்றை வாளியிலிருந்து தொட்டிக்குக் கவிழ்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "மண்ணா சார்? எவ்ளோ வேணாலும் அள்ளிக்கினு போங்க." வாளியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கேள்வியை அவரே கேட்டார். "அதுல இன்னா தெரியும்?"

நல்ல கேள்வி. மண்ணுக்கும் குடலுக்கும் தொடர்பு உண்டு என்று கட்டுரை காட்டுகிறது. தொடர்பின் திசையைக் காட்டவில்லை. குடும்பத்தின் மலம் மண்ணுக்குப் போனதா, மண்ணின் முட்டை குடும்பத்தின் வாய்க்குப் போனதா? பெரும்பாலும் இரண்டும்தான். கண்காணிப்பவருக்கு மண் வெறும் கண்ணாடியாக இருந்தால் போதும். முகம் தெரிந்தால் சரி. தடுக்க நினைப்பவருக்கு மண் எந்த அளவுக்குப் பாதை என்று தெரிய வேண்டும். அதோடு, டிஎன்ஏ உயிருள்ள முட்டையையும் செத்த முட்டையையும் பிரித்துப் பார்க்காது. கண்ணாடியாக மண்ணை நிறுவியதில் கட்டுரை வென்றிருக்கிறது, பாதையாக நிறுவவில்லை. அப்படி நிறுவியதாக அது சொல்லிக்கொள்ளவும் இல்லை. இந்த அடக்கம் அதன் தகுதிகளில் ஒன்று.

இனி பன்றிக் கொட்டிலுக்கு வருகிறேன். கட்டுரை பன்றி வளர்ப்பு வீடுகளுக்காக எழுதப்பட்டதல்ல. ஆனாலும் இப்படியொரு கருவி வந்துவிட்டால் அடுத்து அதைக் கேட்கப்போவது அந்த வீடுகளைக் குறிவைப்பவர்கள்தான். அங்கே இந்தக் கருவி இரண்டு இடங்களில் தடுமாறும்.

முதல் தடுமாற்றம் உருண்டைப்புழுவில். மனிதக் குடலில் வாழ்வது அஸ்காரிஸ் லும்பிரிகாய்டஸ். பன்றிக் குடலில் வாழ்வது அஸ்காரிஸ் சூம். முட்டைகளை நுண்ணோக்கியில் வைத்து எது யாருடையது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மரபணு அளவிலும் நெருக்கம் எவ்வளவென்றால், இரண்டும் தனித்தனி இனங்களா, ஒன்றின் இரு பிரிவுகளா என்ற வழக்கே இன்னும் முடியவில்லை. ஒன்று மற்றதன் ஓம்புயிரிக்குள் புகுவதும் உண்டு. பெண் புழு ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 2 லட்சம் முட்டையிடும். ஆகவே நாலு பன்றியின் சாணம் போதும், முற்றம் முழுவதும் 'உருண்டைப்புழு உண்டு' என்று கருவி கத்த. மனிதப் புழுவின் பெயரில் வரும் அந்த விடையை நம்பி அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்தால், முட்டை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். மாத்திரை வேலை செய்யவில்லை என்ற தவறான முடிவும் கூடவே வரும். பன்றி உள்ள வீடு, இல்லாத வீடு என்று பிரித்துக் காட்டாத எந்த உருண்டைப்புழு விழுக்காட்டையும் இந்தக் காரணத்தாலேயே நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

இரண்டாம் தடுமாற்றம் இதற்கு நேர் எதிரானது, விளைவும் பெரிது. பன்றியைச் சொன்னதும் மருத்துவர்கள் நினைப்பது நாடாப்புழுவை, டீனியா சோலியத்தை. உணவுவழி ஒட்டுண்ணிகளுக்கு உலக உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் 2014இல் வெளியிட்ட தரவரிசையில் முதலிடம் அதற்குத்தான். அதன் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போய், இளம்புழு மூளையில் கட்டியாகத் தங்கினால் வலிப்பு வரும். வேலூர் மாவட்டத்தில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் வேதாந்தம் ராஜசேகர் குழு நடத்திய கணக்கெடுப்பு 2006இல் வெளிவந்தது. ஆயிரம் பேரில் 3.83 பேருக்கு வலிப்பு நோய். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இந்தப் புழுவே காரணம். இந்தப் புழுவைத்தான் வேலூரிலிருந்தே வந்த மண் ஆய்வு தேடவில்லை. அது தேடியது நான்கு புழுக்களை: உருண்டை, சாட்டை, கொக்கியில் இருவகை. மண்வழிக் குடற்புழு என்ற துறை எல்லைக்குள் நாடாப்புழு வராது என்பது சரியான விளக்கம். ஆனால் 20 கிராம் மண்ணின் டிஎன்ஏ கையில் இருக்கும்போது ஐந்தாவதாக ஒன்றைத் தேடுவது பெரிய பாரமாக இருந்திராது. எல்லைக்கோடு ஒழுங்கைக் காட்டுகிறது. தவறவிட்ட வாய்ப்பையும் காட்டுகிறது.

பலரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கும் செய்தி ஒன்று இங்கே உண்டு. டீனியா சோலியத்தின் முட்டை பன்றிச் சாணத்தில் வராது. முழு வளர்ச்சியடைந்த நாடாப்புழு மனிதக் குடலில் மட்டுமே வாழ்கிறது. முட்டையும் மனித மலத்தில் மட்டுமே வெளிவருகிறது. வெளியில் கிடக்கும் மனித மலத்தைத் தின்ற பன்றிக்குத் தசையில் கட்டி வரும். அந்தத் தசையை வேகாமல் தின்ற மனிதருக்குக் குடலில் புழு வரும். அந்த மனிதரின் கைவழியாகவோ, கழிவு கலந்த தண்ணீர், காய்கறி வழியாகவோ அடுத்தவருக்கு மூளைக்கட்டி வரும். பன்றியையே தொடாத சைவ உணவுக்காரருக்கும் அது வருவது இதனால்தான். ஆக, பன்றிக் கொட்டிலைச் சுற்றிய மண்ணில் இந்த முட்டை கிடைத்தால் குற்றவாளி பன்றி அல்ல. அந்தச் சூழலில் ஒரு மனிதர் புழுவோடு இருக்கிறார், அவருக்குக் கழிப்பறை இல்லை அல்லது பயன்படவில்லை என்பதே அதன் பொருள். பன்றி அங்கே பாதிக்கப்பட்ட தரப்பு.

லக்னோவை அடுத்த மோகன்லால்கஞ்சில் பன்றி வளர்க்கும் சமூகத்தில் பிரசாத் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில் 18.6 விழுக்காட்டினருக்குக் குடலில் நாடாப்புழு இருந்தது. மனித மலத்தைப் பார்த்துச் சொன்ன எண் அது. முற்றத்து மண் அங்கே வாய் திறக்கவில்லை. பன்றி வளர்ப்பு வீடுகளின் மண்ணை நேரடியாக ஆராயும் முயற்சி மெக்சிகோ கிராமங்களில் நடந்திருக்கிறது. ஆனால் நுண்ணோக்கியை மட்டும் நம்பினால் அங்கும் ஒரு சுவர் எழும். டீனியா முட்டைகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றே. மாட்டு நாடாப்புழுவும் நாயின் டீனியா வகை நாடாப்புழுக்களும் ஒரே மாதிரி உருண்டை முட்டையையே இடும். எங்கள் கால்வாயோரத்தில் பன்றிக்குச் சமமாக நாயும் உண்டு. இந்தச் சுவரை உடைக்க வேலூர்க் குழுவின் வழிதான் சரியான வழி: கைப்பிடி மண், டிஎன்ஏ, இனத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சோதனை. முறை கைவசம் இருக்கிறது. கேள்விதான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இதே முறையைப் புழல் போன்ற இடத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் என்ன திருத்தம் தேவை? கொட்டில் மண், வாசல் மண், மனிதர் ஒதுங்கும் இடத்து மண் மூன்றையும் தனித்தனி உறையில் எடுக்க வேண்டும். கலந்தால் கதை போய்விடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கால்வாய்த் தண்ணீர் தெருவுக்குள் வந்த ஊரில் ஒரே நாளின் மண் ஒரு நாளுக்கே சாட்சி. மனித உருண்டைப்புழுவையும் பன்றி உருண்டைப்புழுவையும் இயன்றவரை பிரிக்கும் மரபணுக் குறியையும், டீனியா சோலியத்துக்கான தனிக் குறியையும் சேர்க்க வேண்டும். வீட்டாரின் மலத்தோடு பன்றிச் சாணத்தையும் ஒப்பிட வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பக்கத்து மாதவரத்தில்தான் இருக்கிறது. மருத்துவக் கல்லூரியும் கால்நடைக் கல்லூரியும் ஒரே மண் உறையைப் பங்குபோட்டுக்கொள்வது தொழில்நுட்பத்தால் முடியாத காரியமல்ல.

தீர்ப்பைத் தொகுக்கிறேன். முறையாக எடுத்துக்கொண்டால், இந்தக் கட்டுரை துறையை ஒரு படி ஏற்றியிருக்கிறது. அதன் பிறகும் கால் கிராம் மண்ணை வைத்து வீட்டு முற்றத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவர்கள் காரணம் காட்ட வேண்டும். கொக்கிப்புழு மிகுந்த தமிழ்நாட்டுக் கிராமங்களில் மண் கண்காணிப்பை மலக் கண்காணிப்புக்குத் துணையாக ஏற்கலாம். மாற்றாக ஏற்க, பருவந்தோறும் திரும்ப எடுத்த மாதிரிகளின் சான்று இன்னும் வேண்டும். உருண்டைப்புழு முடிவுகளைப் பன்றி உள்ள வீடுகளுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. நாடாப்புழுவைப் பற்றி இந்தக் கட்டுரையிடம் எதையும் கேட்க முடியாது. அதன் மௌனத்தை 'இல்லை' என்று படிப்பது வாசகரின் பிழையாகும். ஆய்வின் தரத்தில் முதல் வரிசை. பயனின் எல்லையில், தலைப்பு தரும் நம்பிக்கையைவிடக் குறுகலானது.

இந்த வேறுபாட்டில் நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம், அறிக்கை ஒன்று வந்தால் அதன் பின்னாலேயே ஒரு நடவடிக்கை வரும் என்பதுதான். மண்ணில் இருப்பது பன்றியின் உருண்டைப்புழு என்றால் சாணத்தை மக்கவைப்பதும், பன்றிக்கு மருந்து கொடுப்பதும், கொட்டிலைச் சமையலிடத்திலிருந்து தள்ளிப்போடுவதும் செய்ய வேண்டிய வேலை. மனிதரின் நாடாப்புழு என்றால் கழிப்பறையும், புழு உள்ளவரைக் கண்டுபிடித்து உரிய மருந்து கொடுப்பதும் வேலை. பள்ளியில் தரும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரையை அதற்கு நம்ப முடியாது. பன்றிகளுக்குப் போட டிஎஸ்ஓஎல்18 தடுப்பூசியும் இருக்கிறது. ஐதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனமே அதைத் தயாரிக்கிறது. இந்த இரு புழுக்களையும் பிரிக்காமல் 'மண்ணில் புழு முட்டை உண்டு' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், நடக்கப்போவது ஒன்றுதான்: வண்டி வந்து பன்றிகளை அள்ளிக்கொண்டு போகும். புழுவுள்ள மனிதர் அங்கேயே இருப்பார், கழிப்பறை இல்லாமல்.

வாளிக்காரர் கேட்ட கேள்விக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம்: "புழு இருக்குதா இல்லையான்னு தெரியும் அண்ணே. அது உங்களுதா, உங்க பன்னியுதான்னு இன்னும் பிரிச்சுச் சொல்லல." அந்தப் பிரிப்பைச் செய்யும் ஆய்வு வரும்வரை, அவர் வாசலில் மண் அள்ளுகிறவர்கள் அறிக்கையில் இந்த இரண்டாம் வரியையும் சேர்த்தே எழுத வேண்டும்.